பெரியப்பா மருந்தடித்த வயல்

எங்கள் கழனியில் வாத்துகள் இறங்கிய வருடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அச்சரப்பாக்கத்திலிருந்து கிழக்கே உள்ளே போகும் சாலையில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது அந்தக் கழனி. அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் வயிற்றைக் கழுவிய குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் கடைசிக் காலத்தில்தான் அந்தத் துண்டு நிலம் எங்கள் கைக்கு வந்தது. நடுவே வரப்புப் போட்டு அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் எங்கள் பாதியை அம்மாதான் பார்த்தாள்.

ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மதுராந்தகத்திலிருந்து ஓர் அக்கா வந்து, பூச்சி மருந்து இல்லாமல் நெல் விளைவிக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுப்பார். நட்ட பயிர் வேர் பிடித்ததும் வாத்துகளை வயலில் விட்டால் அவை பூச்சியைத் தின்னும், களையை மிதிக்கும், எச்சம் எருவாகும் என்று அவர் சொன்னதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். யார் வயலில் முதலில் விடுவது என்று கேட்டபோது எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். சங்கம் வாங்கிய வாத்துகள் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன. அவை பிழைத்து நெல்லும் விளைந்தால் அடுத்த போகம் மற்றவர்களும் விடுவார்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பெரியப்பாவுக்கு இது கேலிக்கூத்தாக இருந்தது. வாத்து மேய்க்கிறவளுக்குக் கழனி எதற்கு என்று டீக்கடையில் கேட்டாராம். அவர் முறையான விவசாயி. முதுகில் மருந்து டேங்கை மாட்டி, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டி, ஒரு கையால் கைப்பிடியை அமுக்கியபடி மறு கையால் குழாயை வீசிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால் யாரோ அதிகாரி வருவதுபோல இருக்கும். அடித்து முடித்ததும் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவைப்பார். துணி இருக்கும் வரை ஆடு மாடு அந்தப் பக்கம் போகக் கூடாது. வாத்துகளுக்கு இந்த விவரம் தெரியாது என்பதால், மாமல்லபுரத்து மீன்காரர்களிடம் கேட்டு வாங்கிய பழைய வலையை அம்மா நடு வரப்பு நெடுகக் கட்டியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை பெரியப்பா மருந்தடித்து, துணியை நட்டுவிட்டு வரப்பேறிய நேரம், எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்து வந்தது. வாத்துகள் மொத்தமாக அலறிக்கொண்டு வலையில் போய் மோதின. வலை சரிந்தது. எல்லாம் பெரியப்பா வயலுக்குள் போய்விட்டன. நானும் அம்மாவும் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, அவற்றைத் திருப்பி விரட்டுவதற்குள் அவை ஆனந்தமாக மூக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. அங்கே பூச்சி நிறைய இருந்திருக்க வேண்டும்.

செய்தி கேட்டுச் சங்கத்துப் பெண்கள் வந்து கூடினார்கள். மருந்தடித்த வயலில் இறங்கிய கொக்கு அங்கேயே சுருண்டு விழுந்ததைத் தான் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அம்மா பம்புசெட் தொட்டியில் வாத்துகளை ஒவ்வொன்றாக முக்கிக் கழுவினாள். பெரியப்பா முதுகில் டேங்கோடு வரப்பிலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததும், வீட்டுப் பக்கம் வேகமாக நடந்துவிட்டார். அந்த நிமிடம் எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சற்று நேரத்தில் இடுப்பில் குடத்தோடு பெரியம்மா வந்தாள். அவள் வீட்டு வாசலிலேயே குழாய் இருக்கும்போது இங்கே தண்ணீருக்கு வந்தது எனக்கு விநோதமாக இருந்தது. தொட்டி ஓரமாக அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, குடத்தைக் கழுவுவதுபோலக் குனிந்துகொண்டு பேசினாள். மடியில் ஒரு வாத்தோடு நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"கலங்காத. ஒண்ணும் ஆவாது. அது மருந்தே இல்ல, வெறுந்தண்ணி."

அம்மா அவளையே பார்த்தாள்.

"போன போகம் மருந்து அடிச்சிகினு இருக்கறப்போ மயங்கி வுழுந்தாரே, அப்பவே புள்ளைங்க மேல சத்தியம் வாங்கிட்டேன், இனிமே அத்தத் தொடக் கூடாதுன்னு. ஊரு இன்னா நெனைக்கும்னு தண்ணிய ரொப்பிகினு போயி அடிச்சிட்டு வர்றாரு. இப்போ அவருதான் என்ன அனுப்புனாரு. யாராண்டயும் சொல்லிடாத."

வெயில் மயக்கம் என்றுதான் அப்போது எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். கிட்டே போனபிறகுதான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணில் நீரும் வந்துகொண்டிருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காத்திருந்த பெண்களிடம் போனாள். "வெஷம் முறிய மோரு குடுத்துக்கீறேன். பொழுது சாயட்டும், பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் அன்று மோரே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் என் முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது.

பொழுது சாய்ந்தது. ஒரு வாத்தும் சாகவில்லை. பசி தாங்காமல் கத்தி ஊரையே கூட்டின. சங்கத்துப் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதன்பின் சில வருடங்களுக்கு எங்கள் ஊரில் வாத்து ஒன்று சோர்ந்து நின்றாலே மோரைத்தான் தேடினார்கள். பெரியப்பாவும் டீக்கடையில் விட்டுக்கொடுக்கவில்லை.

"என் மருந்துக்கே தாக்குப்புடிச்சிச்சின்னா பாத்துக்க. தம்பி பொண்டாட்டியாண்ட இன்னாவோ கைப்பக்குவம் கீது" என்றாராம்.

அந்த அறுப்பில் எங்கள் நெல் குறையவில்லை. அடுத்த போகம் இன்னும் பலர் வயலில் வாத்து இறங்கியது. பெரியப்பா வயலிலும்தான். தம்பி பொண்டாட்டி வந்து கெஞ்சியதால் விட்டதாக அவர் சொல்லிக்கொண்டார். அம்மா கெஞ்சவும் இல்லை, அதை மறுக்கவும் இல்லை.

நாய் துரத்திய அன்று சாயங்காலம் வாத்துகளைப் பட்டியில் அடைக்கும்போது, ஏன் பொய் சொன்னாய் என்று அம்மாவைக் கேட்டேன். "அந்த டேங்க மாட்டிகினு நடக்கறது அவருக்கு வேணும். வுடு" என்றாள். வெறும் தண்ணீரைச் சுமப்பது ஒருவருக்கு எதற்காக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆண்டைகளின் கழனியில் அவர்கள் கைகாட்டிய இடத்தில், அவர்கள் கொடுத்த மருந்தை அடித்து வளர்ந்தவர் அவர். சொந்த வயலில் சொந்த டேங்கோடு நடப்பதுதான் விவசாயி ஆவது என்று நம்பியிருந்தவருக்கு, மருந்தை விடுவதைவிட அந்த நடையை விடுவது கஷ்டமாக இருந்திருக்கும். இதெல்லாம் எட்டுகிற வயதில்லை எனக்கு. தானே ஆள் அனுப்பி உண்மையைச் சொன்ன பெரியப்பாவுக்கு ஒழுங்காக ஏமாற்றக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பட்டியின் படலைச் சாத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.