ஆறாம் நாள் தலை எண்ணும் உத்தியோகம்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். நடத்துவதற்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்கு நான் ஒருவன்தான் ஆசிரியர். ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளன்று கல்வி ஆபீசிலிருந்து ஒருவர் வந்து தலைகளை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் தமிழ்ப் பிரிவு போச்சு. பிள்ளைகள் மலையாள வகுப்புக்கு, நான் எங்காவது மலைக்கு. இதே பயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய சக வாத்தியார்களே, என் கதையும் உங்கள் கதைதான். என்னுடையதில் அசட்டுத்தனம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

மூன்றாம் ராங்க்

மார்ச்சில் மூன்றாம் வகுப்பு முத்துச்செல்வியின் முன்னேற்ற அட்டையில் 'மூன்றாம் ராங்க்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். அவள் அப்பா முருகையா கொத்தனார், ஆலங்குளத்துக்காரர். ஊருக்குள் பட்டம் என்ற பகுதியில் அவர் வேலை பார்த்த கட்டடம் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். மூன்றாம் வகுப்பில் மொத்தமே மூன்று பேர்தான் என்பதை நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்!

கேட்பதற்கு ஒரு மேஸ்திரி இருந்திருக்கிறார். மறுநாள் முருகையா பள்ளி வாசலில் நின்றார். "சார், எம்மவ மூணாவது வந்திருக்கான்னு சொல்லிட்டேன். கிளாஸ்ல எத்தன பேருன்னு மேஸ்திரி கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

ஸ்ரீவராகம் படையெடுப்பு

மே மாதம், இஸ்திரி போட்ட சட்டையும் குடையுமாக ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்குப் போனேன். ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினேன். மாமி உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். தாய்மொழிக் கல்வியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். என் பேச்சில் எனக்கே கண் கலங்கிவிட்டது. மாமியும் விடாமல் தலையாட்டினார். ஒரு தலை தேறிவிட்டது என்று சேர்க்கைப் படிவத்தை வெளியே எடுத்தேன்.

"ரொம்ப நன்னாப் பேசறேள் சார். குழந்தைக்கு அடுத்த வாரம் இங்கிலீஷ் ஸ்கூல்ல இன்டர்வியூ. அங்க உங்களுக்குத் தெரிஞ்சவா யாராவது உண்டோ?"

பிறந்த தேதி

முருகையாவின் மனைவி பேச்சியம்மாள் தன் இரண்டு பையன்களையும் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டி வந்தாள். பெரியவனுக்கு ஐந்து வயது இருக்கும். சின்னவனுக்கு இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. எப்போது பிறந்தார்கள் என்று கேட்டேன். ஒருவன் கட்டடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டும்போது, இன்னொருவன் அதே கட்டடம் பால் காய்ச்சும்போது என்றாள். எனக்கோ இரண்டு தலையும் வேண்டும். பேராசையில் ஒருவனுக்குப் பிப்ரவரி, மற்றவனுக்கு ஏப்ரல் என்று ஒரே வருஷத்தில் எழுதிவிட்டேன்.

தலைமையாசிரியை சாரதா டீச்சர் பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி என்னையும் பார்த்தார். "சாரே, இந்தம்மா பிப்ரவரியில ஒண்ணு பெத்து, ஏப்ரல்ல பின்னேயும் பெத்தோ? நானும் ரெண்டு பெத்தவளாக்கும்."

விரல் விட்டு எண்ணியது

அந்த வருஷம் திங்கட்கிழமை பள்ளி திறந்தது. வியாழக்கிழமை ஹர்த்தால். அதைக் கழித்து விரல் விட்டு எண்ணினேன். ஆறாம் நாள் அடுத்த செவ்வாய் என்று வந்தது. வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் வந்து, திங்கட்கிழமை வைகாசி விசாகம், என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு திருச்செந்தூர் போகலாமா என்று கேட்டாள். "தாராளமா போயிட்டு வாங்க. செவ்வாய்க்கிழமை காலையில எல்லாரும் கிளாஸ்ல இருக்கணும்" என்று பெரிய மனசோடு சொல்லி அனுப்பினேன். ஹர்த்தாலை ஈடுகட்ட அந்தச் சனிக்கிழமையும் பள்ளி நடந்தது. நானே வந்து கையெழுத்துப் போட்டேன், பாடம்கூட நடத்தினேன். ஆனாலும் சனிக்கிழமையை வேலை நாளாகக் கணக்கில் சேர்க்க என் புத்திக்குத் தோன்றவேயில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஆபீசரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வகுப்பில் ஐந்து தலைகள். மேஜைமேல் ஒரு கட்டு விடுப்புக் கடிதங்கள். இன்ஸ்பெக்‌ஷனில் கேட்பார்கள் என்று வருஷம் முழுக்க நான் உருப்போட வைத்தது அந்தக் கடிதத்தைத்தான். ஒரு பிழை இல்லை. எழுதத் தெரியாத சின்னதுகளுக்கும் பெரியதுகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் சர்வீஸில் ஒரு வகுப்பு முழுசாகத் தேறியது அன்றைக்குத்தான். ஆபீசர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "நல்ல எழுத்து சாரே. பக்ஷே, எனக்குத் தலையல்லவோ எண்ணணும்?"

இலை விபூதி

செவ்வாய்க்கிழமை காலை, சொன்ன சொல் தவறாமல் எல்லோரும் வந்துவிட்டார்கள். பையன்கள் அத்தனை பேரும் மொட்டை, மேலே சந்தனம். எண்ணுவதற்கு அவ்வளவு வசதியான தலைகளை நான் பார்த்ததே இல்லை. அதற்குள் எங்கள் பெஞ்சுகளை மலையாள வகுப்புக்கு மாற்றச் சொல்லியாகிவிட்டது. எனக்குப் போனக்காட்டு மலை என்று பேச்சு அடிபட்டது. பிள்ளைகள் பழக்கத்தில் எங்கள் பழைய அறைக்கே போய், வெறுந்தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. எண்ணத் தெரியாதவன் நான். இடம் போனது இவர்களுக்கு.

பேச்சியம்மாள் ஓர் இலை விபூதியை என் கையில் வைத்தாள். "தமிழ் கிளாஸ் போயிரக் கூடாது, சாருக்கு டிரான்ஸ்பர் வரக் கூடாதுன்னு ஒங்க பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்திருக்கோம். நட்சத்திரம் என்னன்னு கேட்டாவ. தெரியல சார், விசாகம்னு சொல்லிட்டோம்."

என் நட்சத்திரம் கேட்டை; என் பெயருள்ள விசாக நட்சத்திரக்காரர் யாராவது கல்வித் துறையில் இருந்திருந்தால், அந்த ஜூனில் அவரை யாரும் அசைத்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.