வேராவின் காருக்கு மட்காட் பூட்டிய நாள்

வேராவுக்குத் தன் மொரிஸ் மைனர் காரின் பெண்டர்கள் என்றால் உயிர். சில்லுக்கு மேலே உருண்டு கவிந்து நிற்கிற அந்தத் தகடுகளைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பாள்; துடைத்துவிட்டு அதிலேயே முகம் பார்த்துத் தலை சீவுவாள். தகப்பன் விட்டுப்போன கார். சண்டைக் காலம், ஆண் சாரதிகளை ஆமிக்காரர் சென்றிக்குச் சென்றி மறித்து இறக்கி வைத்து விசாரித்ததால், மட்டக்களப்பு டவுனில் இந்தப் பறங்கிப் பெட்டையின் ஹயர் ஓட்டத்துக்கு நல்ல மவுசு. கலியாணத்துக்கு மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. பொம்பிளை ஓட்டுகிற காரில் மாப்பிள்ளையா என்று முகத்தைச் சுளித்தார்கள்.

கடைசியில் உன்னிச்சை ஊர் மாப்பிள்ளை அழகரத்தினம்தான் கூப்பிட்டான். பெண் வீடு நாவற்குடா. அவனுடைய கூட்டாளி, கார்த் தகடு தட்டி நிமிர்த்துகிற டிங்கர் கொன்ராட், சொன்னதால் வந்த ஹயர் அது. மாப்பிள்ளையின் அக்கா இரத்தினம்மா ஒரே பிடியாக நின்றாள். "கார் வந்தா வரட்டும். நான் என்ட புருசன்ட சைக்கிள்ளதான் போவன்."

இந்தக் கலியாணம் நல்லபடி முடிந்தால்தான் அடுத்த கலியாணம் வரும் என்று வேராவுக்குத் தெரியும். முதல் நாள் பெண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பழைய லொறி டயரில் வெட்டிய இரண்டு ரப்பர்த் துண்டுகளோடு கொன்ராட் வந்தான்.

"பின்சில்லுக்கு மட்காட் தொங்கவிடுவம், வேரா. அந்த றோட்டு முழுக்கச் சேறு."

"ஏன், பெண்டர் இருக்குதானே?"

"பெண்டர் உன்ட காரைக் காக்கும். பின்னால வாறவனை ஆர் காக்கிற?"

"என்ட கார் என்ன, நெல்லு லொறியா? கிழிஞ்ச செருப்பைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கொண்டு போ."

அவன் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் எதையும் இரண்டாம் தரம் கேட்கமாட்டான். கலியாணம் கட்டுவமா என்று போன வருசம் கேட்டவன்தான், "பாப்பம்" என்றாள், அதோடு வாயை மூடிக்கொண்டான். அவனில் அவளுக்கு இருந்த ஒரே கோபம் அதுதான்.

விடிய நல்ல மழை. மாப்பிள்ளையும் தாய் ஆச்சிப்பிள்ளையும் காரில், மற்றவர்கள் சைக்கிளில். பெற்றோல் தட்டுப்பாட்டில் ஒரு காரே பெரிய விசயம். எல்லாருக்கும் சேர்த்து ஆமி தந்த ஒரே பாஸ், அதுவும் காரில்; பிந்தினால் சென்றியில் மறித்து வைப்பான் என்ற பயத்தில், சைக்கிள்காரர் காரின் வாலைப் பிடித்தபடியே மிதித்தார்கள். பின்கண்ணாடி முழுக்கக் கடதாசிப் பூ. வேராவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள்.

வலையிறவுச் சென்றியில் இறங்கினாள். சிப்பாய் அவளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான். கிறுகிப் பார்த்தாள். அட கடவுளே, ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. வயல் வட்டைக்குள் விழுந்து எழும்பின மாதிரித் தலை முதல் கால்வரை சேறு. இரத்தினம்மா முந்தானைக்குள் பொத்திப் பிடித்த கூறைப்பெட்டி மட்டும் தப்பியிருந்தது. அதோடு, அவளுடைய பெண்டர்கள். அவை பளபளவென்று நின்றன. வேரா பெண்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"காரை வடிவா வச்சிருக்காய் புள்ள," என்றாள் இரத்தினம்மா. "எங்களைத்தான் சேத்துக்கு விட்டிட்டாய்."

கடைசிச் சைக்கிளில் இருந்து கொன்ராட் இறங்கினான். கரியரில் அதே ரப்பர்த் துண்டுகள். சேற்றில் மல்லாந்து படுத்துக் காருக்கடியில் நுழைந்தான். பைகளைக் கிளறிக்கொண்டிருந்த சிப்பாய் ஸ்பனரை எடுத்து நீட்டினான்.

பிறகு நாவற்குடா வரைக்கும், இரத்தினம்மாவின் சைக்கிள் வேண்டுமென்றே காரை ஒட்டி வந்தது. ஒரு துளி தெறிக்கவில்லை.

பெண்ணின் தம்பி நல்லரத்தினம், வழமைப்படி மாப்பிள்ளையின் கால் கழுவச் செம்போடு நின்றான். கழுவுகிறவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவான். இரத்தினம்மா குறுக்கே தன் காலை நீட்டினாள். "அவன் காரில வந்தவன். முதல் எங்களுக்கு ஊத்து மனே." வீட்டு வளவே சிரித்தது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. நல்ல நேரம் தவறவில்லை. ஆச்சிப்பிள்ளை வேராவின் கையைப் பிடித்து, ஆவணியில் இளைய மகனின் கலியாணத்துக்கும் இதே கார்தான் என்றாள். "அந்த ரப்பரைக் கழட்டிப்போடாத."

கொன்ராட் வேலியோரம் நின்றான். அவனுக்குத்தான் சேறு அதிகம். வேரா செம்பை வாங்கிக்கொண்டு போய் அவன் காலில் ஊற்றினாள். வளவே திரும்பிப் பார்த்தது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"கால் கழுவினா மோதிரம் போடோணுமே," என்றாள் இரத்தினம்மா. "எங்ககா மோதிரம்?"

கொன்ராட் சட்டைப் பையைத் துழாவினான். மட்காட் பூட்டி மிஞ்சின வாசர் வளையம் ஒன்றுதான் கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினான்.

"வாயைத் திறந்து கேளன்," என்றாள் வேரா.

கேட்டான். அவள் ஈரக்கையை நீட்டினாள்.