வெற்றிலையில் வைத்த கரும்புச் சக்கை

ஒரு வெற்றிலை. அதன் நடுவில், எச்சில் ஈரத்தோடு, விரல் நுனி அளவுக்குக் கரும்புச் சக்கை. பெரியப்பா அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ஆலையில் வேலையாக இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லையா? திருட்டுக் கரும்பு தொண்டையிலயே நின்னுடுச்சி." எல்லோரும் சிரித்தார்கள். பாயில் உட்கார்ந்திருந்த என் தங்கை சிரிக்கவில்லை. கம்மிப்போன குரலில், "நான் கரும்பு தின்னல" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

பிள்ளைகளே, போன வாரம் கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்க அத்த கரும்பு திருடித் தின்னு, தொண்டை அடைச்சி செத்தவ" என்று கதை சொன்னாராம். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் கேட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கதையை உண்டாக்கி, சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்த என் பெரியப்பாமேல்தான் கோபம். அது இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. நான் அதிகம் படித்தவனில்லை. கண்டதைக் கண்டபடி எழுதத் தெரியும். எழுதுகிறேன்.

அப்போது நம் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே. அப்பா இறந்துவிட்டதால் அம்மாவும் நானும் தங்கையும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். நிலம், மாடு, வண்டி, கரும்பாலை எல்லாம் அவர் கையில். அவர் சொல்லாமல் ஒரு கயிறு அவிழாது. கரும்பு வெட்டு நடக்கும்போது வீட்டுக்கு எதிரே மாடுகள் ஆலையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கொப்பரையில் பாகு கொதிக்கும். புகை முழுக்க வீட்டுக்குள் வரும். அந்த மாதங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொண்டை கட்டும். புகைக்குக் கட்டும், பனிக்குக் கட்டும், கத்தி விளையாடினால் கட்டும். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்து, மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்ட பால் குடித்தால் சில நாளில் போய்விடும். அதனால் தங்கைக்குக் குரல் கம்மியபோது ஒருவரும் பயப்படவில்லை. "எலெக்சன்ல கத்துன மேரு மாதிரி பேசுறாடா இவ" என்று பெரியப்பா கேலி செய்தார். மேரு என்றால் பிரெஞ்சுக்காரன் காலத்து ஊர்ச்சபைத் தலைவர். அவளும் சிரித்தாள். கழுத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். உள்நாக்கு விழுந்திருக்கும் என்று உச்சி மயிரைப் பிடித்து இழுத்தார்கள். வெளியிலிருந்து செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். வாயைத் திற, பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவளால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. காய்ச்சல் வேறு. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. அவளுக்குப் பிடிக்குமே என்று நான் ஆலையிலிருந்து ஒரு கரும்புத் துண்டை எடுத்து, தோல் சீவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய்வரைக்கும் கொண்டுபோனவள் திருப்பித் தந்துவிட்டாள். "வலிக்குதுண்ணா. மாடத்துல வை. நல்லானதும் தின்றேன்." சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தில் வைத்தேன்.

அம்மா கதவோரம் நின்று பெரியப்பாவிடம் கெஞ்சினாள். "மாமா, மாட்ட அவுத்து வண்டி கட்டச் சொல்லுங்க. புள்ள மூச்சு வுடறதே சரியா இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போவணும்."

"இன்னாம்மா பேசுற? கொப்பரையில பாகு காயுது. தொண்டக் கட்டுக்கு எவனாவது புதுச்சேரி போவானா? இது தொக்கம். செல்லிப்பட்டு ஆளுக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்கேன்."

தின்றது தொண்டையில் சிக்கிக்கொண்டால் அதைத் தொக்கம் என்பார்கள். அதை எடுக்கிறவர் ஆலைக் களத்துச் சக்கையை மிதித்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவோடு நின்று பேசினார். பிறகு உள்ளே வந்து, தங்கையின் கழுத்தில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினார். அந்தச் சக்கைதான் நான் முதலில் சொன்னது. தோலுக்கு வெளியே வைத்து உறிஞ்சினால் உள்ளே இருப்பது எப்படி ஐயா வரும்? அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஒரு பெரிய மனிதர்கூட இல்லை.

"அவ தின்னல பெரியப்பா! நான் குடுத்த துண்டு மாடத்துல அப்படியே கெடக்கு" என்று கத்தினேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "அப்ப நீதான் களவாணிக்குக் கூட்டா?" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

விடிந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். மூலக்குளம் தாண்டும்போது தங்கையின் மூச்சு ரம்பம் இழுப்பதுபோலக் கேட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். அவள் வாய்க்குள் பார்த்த முதல் ஆள் அவர்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் தோல்போல ஒன்று படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான் என்றார். கிருமியால் வருவது, தின்றதால் வருவதில்லை என்றார். ஊசி போட்டார். "முன்னமே கொண்டுவந்திருந்தால்..." என்று தொடங்கியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று மதியம் அம்மாவின் மடியிலேயே அவள் போய்விட்டாள். சேதி ஊருக்குப் போன பிறகுதான் ஆலையில் மாடுகளை அவிழ்த்தார்கள்.

பெரியப்பா கொடியவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் அழுததையும் பார்த்தேன். நோய் தெரியாமல் போனதை மன்னிக்கலாம், அன்று யாருக்குத்தான் தெரியும்? ஆனால் டாக்டர் சொன்னதை அம்மா சொல்லிக் கேட்ட பிறகும், துக்கத்துக்கு வந்தவர்களிடம் அழுத வாயாலேயே அந்தச் சக்கைக் கதையைச் சொன்னாரே! மாட்டை அவிழ்க்காத பழி தன்மேல் விழாமலிருக்க, செத்த குழந்தையைத் திருடியாக்கினாரே! அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதுமில்லை.

தொண்டை வலி என்று நீங்கள் சொன்னால் நான் கரண்டியோடு வந்து வெளிச்சத்துக்கு இழுக்கிறேன். "அப்பா கரண்டிய தூக்கிட்டாருடா" என்று கேலி செய்கிறீர்கள். செய்யுங்கள். வெறும் சிவப்பாக இருந்தால் உப்பு வெந்நீர் போதும். வெள்ளையாகத் தோல் படர்ந்தாலோ, கழுத்து வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கைக்குழந்தையில் அழ அழத் தூக்கிப்போய் உங்களுக்கு ஊசி போட்டதும் இதற்காகத்தான்.

காரியம் முடிந்த அன்று அம்மா மாடத்திலிருந்து அந்தக் கரும்புத் துண்டை எடுத்தாள். காய்ந்து கறுத்திருந்தது. ஒரு பல் தடம் இல்லை. அதை ஒரு வெற்றிலையில் வைத்து, பெரியப்பா எதிரே கொண்டுபோய் வைத்தாள். அவர் பார்த்தார். எடுத்து அடுப்பில் எறிந்தார்.

அடுத்த முறை யாராவது அந்தக் கதையைச் சொன்னால் சிரிக்காதீர்கள். "எங்க அத்த கரும்பு தின்னல" என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். அவள் சொன்னபோது குரல் எழும்பவில்லை. உங்களுக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது.