வடக்கே நகர்ந்த கல்

வெயில் இறங்கி வெகுநேரமான பிறகும் எங்கள் ஊர்ப் பாறைக்குள் சூடு இருக்கும்; பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு அதன்மேல் மல்லாந்து படுத்தால், அந்தச் சூடு யூனிஃபார்மைத் தாண்டி முதுகில் மெல்ல ஏறும், கண் தானாகச் சொருகும். திருவாதவூருக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே கவிழ்த்து வைத்த சட்டி மாதிரிக் கிடந்த மொட்டைப் பாறை அது. கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாய் ஓடும். இடையிடையே 'காக்காப்பொன்னு' என்கிற மைக்காத் தூள் மின்னும். வீட்டுக்குப் போனால் பாவாடையெல்லாம் அந்தத் தூள்தான். "கல்லு மேலயே கெடந்து நீயும் ஒருநா கல்லாப் போகப் போற" என்று அம்மா திட்டுவாள்.

ஏழாம் வகுப்பில் டீச்சர் ஒருநாள் சொன்னார்: அந்த வரிகள் பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உண்டானவையாம், நாம் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிக் கிடந்து, பிறகு பிய்த்துக்கொண்டு வந்து ஆசியாவில் மோதியதில்தான் இமயமலை எழுந்ததாம், இன்னமும் நகம் வளர்கிற வேகத்தில் வடக்கே போய்க்கொண்டிருக்கிறதாம். அன்றிலிருந்து நான் பாறையில் படுப்பது படுப்பதாக இல்லை, பயணமாக இருந்தது. பனைமரங்களும் கிணறும் அசைபோடும் மாடுகளும் என்னோடு சத்தமில்லாமல் வடக்கே போயின. இதே பாறையின் மறுபாதியில் மடகாஸ்கரில் ஒரு பெண்பிள்ளை இப்போது படுத்திருப்பாளோ என்று நினைத்துக்கொள்வேன்.

இதை அப்பாவிடம் சொன்னதுதான் வம்பாயிற்று. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த எங்கள் வம்சத்தில் சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அவர். எண்பது சென்ட் நிலம். நான்கு மூலையிலும் சர்வே கல். விடிந்ததும் கல்லுக்குக் கல் எட்டு வைத்து அளந்து பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். கிழக்கு ஓரம் அறுபத்திரண்டு எட்டு.

"நெலம் நகருதா? எம்புட்டு?" என்று கேட்டார்.

"வருசத்துக்கு நகம் வளர்ற அம்புட்டுத்தாம்ப்பா."

அப்பா சிரிக்கவில்லை. அன்று சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் வயலிலிருந்து ஓடிவந்தார். "அறுபத்தொண்ணுதாம்மா வருது! தென்கெழக்கு மூலைக் கல்லு வடக்க வந்திருச்சு!" சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷத்தில் குதித்தேன். புத்தகத்தில் படித்தது எங்கள் வயலிலேயே நடந்துவிட்டதே! இரண்டு நாள் நானும் அப்பாவும், ஒரு கண்டமே நகர்ந்ததைக் கண்ணால் கண்ட பெருமையில் திரிந்தோம்.

மூன்றாம் நாள் அப்பா தெற்கு வயல்காரரான பெரியசாமியிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லையாம். "பூமி நகருதுன்னு உம்மகதான் படிச்சுச் சொல்லுச்சாமே. நகந்தா நகந்ததுதான்ப்பா, நாம என்ன செய்ய?" என்றாராம்.

அப்பா வந்து வாசலில் உட்கார்ந்தார். "பூமியே போகயில ஒரு எட்டுக்குப் போயி யாருகூடச் சண்ட போட" என்று சொல்லிக்கொண்டாரே தவிர, முகம் செத்துக் கிடந்தது. அந்த ஒரு எட்டு அவருக்கு என்ன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைப் பறிகொடுக்க என் பாடமே காரணமானதும் சேர்ந்து உறைத்தது.

அன்று சாயங்காலம் பாறையில் படுத்தும் கனவு வரவில்லை. எழுந்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மதுரை பஸ்ஸில் முன்சீட்டும் பின்சீட்டும் சேர்ந்துதானே போகின்றன? விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, பூமி நகந்தா நாலு கல்லும் சேந்துதாம்ப்பா நகரும். ஒத்தக் கல்லு மட்டும் எப்பிடிப் போகும்?"

அப்பா சட்டென்று எழுந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். அறுபத்திரண்டாம் எட்டு விழுந்த இடத்தில் குத்தினார். மற்ற இடமெல்லாம் இறுகிக் கிடக்க, அங்கே மட்டும் கடப்பாரை பொதுக்கென்று இறங்கியது. கல்லைப் பிடுங்கிய பழைய குழி. பெரியசாமி தன் பம்ப்செட் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கல்லைப் பெயர்த்து வந்து பழைய குழியில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார். "நீயும் மிதி தாயி" என்றார். நான் மிதித்தேன்.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. நான் மதுரையில் கோச்சடைக்குக் குடிவந்துவிட்டேன். அந்த நிலத்தை விற்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். போன மாதம் ஒரு துக்கத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, பாறை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் கிடந்தது. அதை வெட்டி ஜல்லியாக்கி எங்கெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் வயலும் பெரியசாமி வயலும் ஒரே நகராகி, வரிசையாக வீடுகள். ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வேணும்க்கா?"

"யாரும் இல்லம்மா. எங்கப்பா நெலம் இங்கதான் இருந்துச்சு."

"அப்பிடியா? எதுலேர்ந்து எதுவரைக்கும்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

கையை நீட்டினேன். எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.