மாடியில் ஒரு மழைமானி

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். செங்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய வீடு. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் வந்து தங்குவார்கள், பங்குனியில் வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். பெட்டியில் அடங்காத சாமான்களை எங்களுக்கு விட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அப்படி வந்து சேர்ந்த யோகா பாய்கள் ஆறேழு இருக்கின்றன, நான் அவற்றில் மிளகாய் காயவைக்கிறேன். யாருக்கும் ஊத வராத ஒரு புல்லாங்குழலும் இருக்கிறது.

போன வருடம் ஒருவர் விட்டுப்போனது பிரிக்காத அட்டைப்பெட்டி. ஆன்லைனில் ஆர்டர் போட்டிருக்கிறார், அது வந்து சேர்ந்த நேரம் அவருக்கு விசா முடிந்துவிட்டது. பெட்டியை என் கையில் கொடுத்து, பெரிய கும்பிடு ஒன்று போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். மிக்சியாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் சாமான்கள். காற்றில் சுற்ற மூன்று குட்டிக் கிண்ணங்கள், திசை காட்ட ஒரு வால், மழை பிடிக்க ஒரு புனல், வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஒரு சின்னத் திரை.

"வீட்டுல வெக்கிற வானிலை நிலையம்மா இது" என்றார் என் கணவர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியில் இருந்த புத்தகத்தில் எழுத்தைவிடப் படங்கள் அதிகம் என்பதால் அந்த வேலையை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார்.

பழைய பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி, அதில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, மொட்டைமாடியின் நடுவில் நிறுத்தினோம். குழாயின் தலையில் எல்லாச் சாமான்களும் ஏறின. அம்புக்குறி சரியாக வடக்கைப் பார்க்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் பகுதியில் அதற்கு யாரும் திசைகாட்டி தேடுவதில்லை. மலை இருக்கும் பக்கம் வடக்கு, அவ்வளவுதான். அம்பை மலை உச்சிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு அவர் இறங்கிவிட்டார். நான் போனில் பார்த்தேன், வடக்கு கொஞ்சம் தள்ளி இருந்தது. "மலைய விட உன் போனு பெருசா?" என்று கேட்டார். அவர் தூங்கியபின் மேலே போய் நான் திருப்பி வைத்தேன். அவர் எப்போது போய் மறுபடி மலைப்பக்கம் திருப்பினார் என்று தெரியாது. எங்கள் வீட்டுக் காற்று இன்றுவரை கொஞ்சம் கோணலாகத்தான் அடிக்கிறது.

ஒன்றிரண்டு நாட்களில் ஒரு புயல் வந்தது. மதியம், ஒரு இலைகூட அசையவில்லை, திரையில் மட்டும் காற்றின் வேகம் பேய்த்தனமாக ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஓடிப் பார்த்தால் ஒரு குரங்கு குழாயைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டு, கிண்ணங்களைக் கையால் சுழற்றிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதன் குட்டிக்கும் ஒரு சுற்று கொடுத்தது. மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டு குரங்கோடு சண்டை போட முடியுமா. மெக்கானிக் கடையிலிருந்து கிரீஸ் வாங்கிவந்து குழாய் முழுக்கத் தடவினோம். ஏறிய குரங்குகள் வழுக்கிக்கொண்டு கீழே வந்தன. இரண்டு மூன்று நாள் முயற்சி செய்து பார்த்துவிட்டு, கறுத்த கைகளை எங்கள் வெள்ளைச் சுவரில் துடைத்துவிட்டு, அந்தக் குழாயை விட்டுவிட்டன.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். கீழ்பென்னாத்தூரில் நாங்கள் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு நெல்லும் நிலக்கடலையும் வைக்கிறான். அம்மா கடைசிவரை அவனோடுதான் இருந்தாள். தினமும் சாயங்காலம் அவன் போனில் எண்ணைப் போட்டு அம்மா கையில் கொடுத்துவிடுவான். மாடு கன்று போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். பின்னால் அவன் இருமுவது மட்டும் கேட்கும். அம்மா போனபின் அந்தப் போனும் நின்றுவிட்டது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்தால்கூடப் பேசிக்கொள்ள ஏதாவது இருக்கும். அவன் சின்ன வயதிலிருந்தே பேசாதவன், நானோ கேட்டால்தான் பதில் சொல்வேன் என்று வீம்பு பிடிப்பவள். ஒரு வருடம் ஓடிவிட்டது. பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்து வைத்தான், காப்பி குடித்தான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவோடு எனக்குத் தாய்வீடும் போய்விட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்து அழுதேன் என்றும் சொல்லலாம், மறைக்க என்ன இருக்கிறது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் திரையில் வந்த எண்ணைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்தது. படம் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கும்பிடும் பொம்மையும் அழும் பொம்மையும் அனுப்பினார்கள். மறுநாள் காலையில் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, இன்னிக்கு உங்க ஊர்ல எவ்ளோ?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஜாஸ்திதான்" என்றான். வைத்துவிட்டான்.

அடுத்த நாளும் அடித்தான். அதற்கடுத்த நாளும். பால் கறந்து முடித்த கையோடு அவன் பேசுவது தெரியும், பின்னால் மாடு கத்தும். வெயில் எவ்ளோ, ராத்திரி தூறல் போட்டதே எவ்ளோ, அவ்வளவுதான் பேச்சு. அதற்காக நான் சீக்கிரம் எழுந்திருக்க ஆரம்பித்தேன். காப்பி போடும் முன்பே திரையின் முன் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பேன். விவசாயி கேட்கிறான், ஏதோ நம் கணக்கை நம்பித்தான் விதைக்கிறான், மருந்தடிக்கிறான் என்று எனக்கு ஒரே பெருமை. "வானிலை மேடம், டிபன் உண்டா?" என்று என் கணவர் கேலி செய்வார். சில நாள் தம்பி ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசிவிடுவான். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றோ, மகள் மாசமாக இருக்கிறாள் என்றோ. அன்றைக்கு முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பேன்.

புரட்டாசி அமாவாசை வந்தது. மகளின் பிரசவத்துக்குத் துணையாக அவன் மனைவி போயிருந்ததால், படையலை எங்கள் வீட்டில் போடலாமா என்று வெயில் கேட்ட அதே போனில் கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. குளத்தங்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். அம்மாவுக்குப் பிடித்த உளுந்து வடையும் பருப்புப் பாயசமும் செய்திருந்தேன். இலையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நெய் விட்டு, காக்காவுக்கு வைக்க அவன் மேலே போனான்.

எங்கள் பகுதியில் அது லேசான காரியம் இல்லை. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துவிட்டுத் திரும்பினால் போதும், குரங்கு வந்து வாரிக்கொண்டு போய்விடும். காக்கா மின்கம்பியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். காக்கா சாப்பிடாமல் நாம் இலையில் உட்கார முடியாது. மறுபடி வைப்போம், மறுபடி குரங்கு வரும். அமாவாசை என்றால் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி ஆட்கள் கழியோடு நிற்பார்கள். தம்பி கழிகூட எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் அப்பளம் பொரித்து முடிப்பதற்குள் இறங்கி வந்துவிட்டான்.

"காக்கா வந்துடுச்சிக்கா. நாலஞ்சு வந்துச்சி. கொரங்குக்கு ஒரு பருக்கை குடுக்கல" என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மா வந்து சாப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எப்படி என்று நாங்கள் கேட்கவே இல்லை. மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இடியும் மின்னலுமாகச் சாயங்காலம் முழுக்கக் கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். நான் ஆவலாகத் திரையின் முன் போய் நின்றேன். மழை: பூஜ்யம். தட்டிப் பார்த்தேன். பேட்டரி மாற்றினேன். ஜன்னலுக்கு வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது, உள்ளே இது ஒரு சொட்டுகூட விழவில்லை என்று சாதிக்கிறது.

காலையில் போன் வந்தது. "அக்கா, நேத்து எவ்ளோ?"

"மிஷின் கெட்டுப்போச்சுடா. ஒண்ணுமே காட்டல."

"அப்டியா" என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மழை மட்டும் தினமும் வந்தது, திரையில் தினமும் பூஜ்யம். பழக்கம் விடாமல் சீக்கிரம் எழுந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் போனதும் எனக்கு ஆத்திரம் வந்தது. என்னிடம் பேசுகிறான் என்று நான் குதித்துக்கொண்டிருக்க, அவனுக்கு வேண்டியது மில்லிமீட்டர் மட்டும்தானா. மிஷின் போனால் அக்காவும் போச்சா.

"நீ பண்ணிப் பேசேன்" என்றார் கணவர்.

"நான் எதுக்குப் பண்ணணும்? நான் இன்னா வானொலி நிலையமா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அந்த வேகத்தோடு மாடிக்கு ஏறினேன். எல்லாவற்றையும் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவது என்று முடிவு. ஸ்டூல் போட்டு ஏறிப் புனலுக்குள் பார்த்தேன். சோறு.

சோறும் பாயசமும் நெய்யும் கலந்து, காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்து, புனலின் அடியில் சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. நட்டநடுவில், தண்ணீர் இறங்கும் ஓட்டையில், ஒரு துண்டு உளுந்து வடை தக்கையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் மழைத் தண்ணீர் குளம் கட்டி நின்றது.

குரங்கு ஏற முடியாத இடம் எங்கள் மாடியில் அது ஒன்றுதான். தம்பி வந்தான், பார்த்தான், வெள்ளையாகச் சுத்தமாகக் கிண்ணம் மாதிரி இருந்தது, அம்மாவுக்கு அங்கே பரிமாறிவிட்டான். கீழே வீட்டில் இருந்த என் கணவரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் அந்த வடையை ஊக்கால் நெம்பி எடுக்கும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான்.

கழுவி மாட்டினேன். அன்று சாயங்காலம் தூறல் தொடங்கியதும் திரையில் எண் மெல்ல ஏறியது. மறுநாள் காலையில் நானே போன் போட்டேன். அவனை நன்றாகக் கேலி செய்யவேண்டும் என்றுதான் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மழக் கணக்கு இல்லாம மல்லாட்டைக்கு ரொம்பக் கஷ்டப்பட்டியாடா?" என்றேன். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வோம்.

"மல்லாட்டையா? அத்த அமாவாசைக்கு முன்னமே புடுங்கி, காயவெச்சு, அனுப்பியாச்சேக்கா."

"அப்ப நான் சொன்ன மழக் கணக்க வெச்சுத்தான புடுங்கின?"

அவன் சிரித்தான். "உன் ஊட்டு மாடியில பேஞ்சா எனுக்கு இன்னாக்கா? அங்க கொட்டும், இங்க தெருப்புழுதிகூட அடங்காது. உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் பெய்து இந்தப் பக்கம் காய்கிற ஊரில்தானே நானும் வளர்ந்தேன். இத்தனை மாதமும் அது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"அப்புறம் எதுக்குடா தினமும் கேட்ட?"

அந்தப் பக்கம் மாடு கத்தியது. வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"வேற இன்னா கேக்கறதுன்னு எனுக்குத் தெரியலக்கா. அம்மா இருந்தா அது பேசும், நான் பக்கத்துல நின்னு கேட்டுக்குவேன். உன்கிட்ட இன்னா பேசறதுன்னே வராது. அந்த மிஷின் வந்தப்புறம் எவ்ளோன்னு கேக்க முடிஞ்சுது. கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்ட. அப்புறம் நான் இன்னா சொல்லி போன் பண்றது?"

சோற்று விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவன் வைத்த இடம் தப்பு என்று நான் ஏன் சொல்ல வேண்டும். அடுத்த அமாவாசைக்கும் அங்கேயே வைக்கட்டும், நான் கழுவிக்கொள்கிறேன்.

"சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டான்.

"ஆயிடுச்சு. நாளைக்குப் பண்ணு."

"மழ நின்னுடுச்சே. நாளைக்கு இன்னா கேக்கறது?"

"வெயில் எவ்ளோன்னு கேளு. காத்து எவ்ளோன்னு கேளு. அதுல எல்லாம் காட்டுதுடா" என்றேன்.

"சரிக்கா, கேக்கறேன்" என்றான்.