பெஞ்சுப் படத்தில் வெட்டாத நான்கு நிமிடம்

என் அக்காவுக்கு வேலை போன கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். கேமராவைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளிடம் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்தாள் என்கிறார் ஒருவர். அதிகாரியிடம் வாய்க்கு வாய் பேசினாள் என்கிறார் இன்னொருவர். எங்கள் சித்தப்பா இருக்கிறாரே, அவர் சொல்வது வேறு. "கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பா?" என்பார். நான் அக்காவோடு ஒலிப்பதிவு வேலை பார்த்தவள், எல்லாம் நடந்தபோது கூடவே இருந்தவள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அவரவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடங்களுக்குள் வருவதற்கு முன் அக்கா பதினோரு வருடம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டினாள். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மின்விசிறி, இரண்டு கம்ப்யூட்டர். மாப்பிள்ளையின் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் வெட்டு. சாப்பாட்டு வரிசையில் இரண்டு மாமாக்கள் முறைத்துக்கொண்டால் வெட்டு. ஒருமுறை பெண்ணின் அப்பா வந்து, தன் மனைவி மகளைக் கட்டிக்கொண்டு அழுத இடத்தை எடுத்துவிடச் சொன்னார். அக்கா எடுத்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணே படியிறங்கி வந்தாள். "எங்கம்மா இப்ப இல்ல. அவங்க அழுதது எங்கே?" என்று கேட்டாள். அது அழிந்து வெகுநாளாகியிருந்தது. அந்த மாதமே அக்கா அந்த அறையை விட்டு வெளியே வந்தாள்.

பிறகுதான் கல்வி அலுவலகத்தின் திட்டம் கிடைத்தது. ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துப் பாடம் படிக்கும் வகுப்புகளுக்குப் போய், அந்தப் பிள்ளைகளையே அதைக் குறும்படமாக எடுக்க வைப்பது எங்கள் வேலை. பள்ளிக்கு ஒரு மாதம். அக்காவுக்கென்று ஒரு முறை உண்டு. முதல் வாரம் கேமராவையும் மைக்கையும் கையாளச் சொல்லித் தருவாள். அதற்குப் பின் வகுப்புக்குள் கால் வைக்க மாட்டாள். வெளியே தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள், என்னையும் பக்கத்தில் உட்கார வைப்பாள். பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பெரியவர்களுக்காகப் பேசுவார்கள் என்பது அவள் கட்சி. கேமராவின் முன்னால் ஒளிரும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டிவிடுவாள். விளக்கைப் பார்த்தால் பிள்ளைகள் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறார்களாம்.

ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்த்திருந்தாள். முடிந்த படத்தில் எதையாவது வெட்ட வேண்டுமானால், அதை எடுத்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் கையெழுத்திட வேண்டும். திட்ட அதிகாரி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்லும் பள்ளியில் இருபத்தேழு பிள்ளைகள் இருந்த ஒரு வகுப்பு, சராசரியைப் பற்றிப் படிக்கத் தங்களுக்கென்று ஒரு பெஞ்சு செய்தது. எல்லோருடைய காலையும் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப்பால் அளந்தார்கள், கூட்டினார்கள், வகுத்தார்கள். முப்பத்தொன்பது சென்டிமீட்டர் வந்தது. அந்த உயரத்துக்குப் பலகையை அறுத்து, ஆணி அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அத்தனையையும் படம் பிடித்தார்கள். பெஞ்சு வகுப்புக்குள் வரும் நாள்தான் படத்தின் முக்கியமான நாள். தலைமையாசிரியை இரண்டு வார்த்தை பேசுவார், நான்கு பேர் சராசரியின் வரையறையை ஒப்பிப்பார்கள், கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து சிரிப்பார்கள் என்று பிள்ளைகளே எழுதி வைத்திருந்தார்கள்.

அன்று கேமரா பிடித்த பெண், பதற்றத்தில் தொடக்கத்திலேயே பதிவுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டாள். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அதோடு எல்லாம் தலைகீழானது. ஓடுகிறது என்று நினைத்தபோது நின்றிருந்தது, நின்றது என்று நினைத்துக் கீழே வைத்தபோது ஓடியது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று பக்கத்துத் திரையையும் மடித்துவிட்டார்கள். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தும் எரியாமலும் போனதை டேப் மறைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் கேமராவைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் தலைமையாசிரியை ஒரு நொடிகூட இல்லை. வரையறையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கேமரா பிடித்த பெண் விக்கி விக்கி அழுதாள். அக்கா அவளிடம், "டேப் ஒட்டினது நான். தப்பு என்னோடது. நீ மூக்கைத் துடை," என்றாள். பிறகு பதிவாகியிருந்ததை ஓட விட்டாள்.

கேமரா மேசை மேல் சாய்ந்து கிடக்கிறது. படத்தில் பாதி யாருடைய பையோ, மீதியில் பெஞ்சு. வகுப்பிலேயே சின்னவள், எல்லோரும் பொடிசு என்று கூப்பிடும் பெண், ஏறி உட்காருகிறாள். கால் தொங்குகிறது.

"எனக்குக் கால் எட்டல."

"உனக்கு எட்டல, எனக்கு முட்டி மூக்கை இடிக்குது," என்கிறான் ஒட்டகம் என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையன்.

ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அளவுப் பட்டியலின்படி சரியாகப் பொருந்துவது இரண்டு பேருக்கு; அதில் ஒருவன் அன்று பள்ளிக்கே வரவில்லை. கூச்சல் கிளம்புகிறது. யார் தப்பாக அளந்தது, யார் தப்பாக அறுத்தது என்று ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்கள். கரும்பலகையில் கணக்கை மறுபடி போடுகிறார்கள். கணக்கு சரி.

"கணக்கு சரிதான்," என்கிறாள் பொடிசு. "ஆனா உக்காரப் போறது கணக்கு இல்லையே, நாமதானே."

படத்தில் தெரியாத பக்கத்திலிருந்து கணக்கு டீச்சரின் குரல் வருகிறது. "எனக்கே இது தோணலடி."

நான்கு நிமிடம். நான் பல வருடமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிழைப்பவள். அவ்வளவு சுத்தமான பேச்சை அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா மூன்று முறை திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிள்ளைகள் அடுத்த பத்து நாளில் மூன்று உயரத்தில் மூன்று பெஞ்சு செய்தார்கள். அதையும் படத்தில் சேர்த்து முடித்தோம்.

வருட இறுதியில் பெரிய அரங்கம் ஒன்றில் எல்லாப் பள்ளிப் படங்களையும் திரையிடுவார்கள். அதற்கு முன் திட்ட அதிகாரி பார்க்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. எதற்கும் குரலை உயர்த்த மாட்டார், "நம்ம பிள்ளைங்க" என்றுதான் பேசுவார். பார்த்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தச் சண்டையை எடுத்துடுங்கம்மா. மூணு பெஞ்சும் வேண்டாம், ஒரு பெஞ்சோட முடிச்சுக்கலாம். தலைமையாசிரியை பேசறதை நாளைக்கு மறுபடி எடுத்துச் சேர்த்துடுங்க."

"அந்த நாலு நிமிஷம்தான் சார் படம்."

"டீச்சருக்கே தோணலன்னு வருது. பெரியவங்கல்லாம் வர்ற இடம்மா."

"டீச்சரைக் கேட்டாச்சு. இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

"உங்க ஆளுங்க பொத்தான் அமுக்கத் தெரியாம எடுத்தது அது. தப்பா வந்ததைப் போய் படம்ங்கறீங்க."

"தப்பு நடந்தது, சார். என்னாலதான் நடந்தது. எழுதித் தரச் சொன்னா எழுதித் தரேன். ஆனா வெட்ட மாட்டேன்."

நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் பதிலுக்கு என் காலை மிதித்துவிட்டு, ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியை அவருக்குக் காட்டினாள். அவர் முதல்முறையாக அதைப் படித்தார்.

மறுநாள் அவரே வகுப்புக்கு வந்தார். படம் கொஞ்சம் நீளம், சுருக்கினால்தான் பெரிய திரையில் வரும், எல்லோரும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். பிள்ளைகள் இன்னும் முழுப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பெரிய திரை என்றதும் துள்ளிக் குதித்தார்கள். தாள் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. அக்கா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லேன் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் வாய் திறக்கவில்லை. படம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது.

இருபத்தாறு கையெழுத்து விழுந்தது. கடைசியாகத் தாள் பொடிசிடம் வந்தது.

"எதை சார் வெட்டுவீங்க?"

"அந்தப் பெஞ்சு சண்டை இருக்கில்ல, அதை."

"அதுல என்ன சார் தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. பார்க்கறவங்களுக்கு நீங்க தோத்த மாதிரி தெரியும்."

"தோத்தோம்ல சார்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் தள்ளினாள். அதிகாரி இன்னும் ஐந்து நிமிடம் நயமாகப் பேசிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டேன் சார்," என்று மட்டும் சொன்னாள். அவள் கை மேசைக்கடியில் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "அப்படின்னா படம் அரங்கத்துக்கு வராது," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் வகுப்பு அந்தப் பெண் மேல் பாய்ந்தது. உன்னால்தான் போச்சு, பெரிய இவளா நீ என்று ஒட்டகம் கத்தினான். பக்கத்தில் இருந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள்.

அடுத்த நாள் அவள் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, முழுப் படத்தையும் போட்டாள். அளக்கிற இடத்தில் சிரிப்பு அள்ளியது. சண்டை வந்ததும் சத்தம் அடங்கியது. மூன்றாவது பெஞ்சில் பொடிசின் கால் தரையில் அழுந்தப் பதிந்தபோது யாரும் அசையவில்லை. படம் முடிந்தது.

"நானா இவ்வளவு நேரம் கத்தினேன்?" என்றான் ஒட்டகம். பிறகு, "மிஸ், சார் எதுவரைக்கும் வெட்டச் சொன்னார்?"

"சண்டை. அதுக்கப்புறம் வர்ற மூணு பெஞ்சும்."

"மூணு பெஞ்சுமா? அறுத்தது நானு! கையில பாருங்க, இன்னும் காய்ப்பு இருக்கு!"

கையெழுத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கிளம்பினார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டால், தாள் கோப்புக்குள் போய்விட்டது என்று பதில் வந்தது. சரி, புதுத் தாள் எழுதுவோம் என்றார்கள். 'போட்டால் முழுசாகப் போடுங்கள். இல்லையென்றால் போட வேண்டாம். நாங்கள் தோற்றதும் எங்கள் படம்தான்.' அவ்வளவுதான் எழுதினார்கள். ஒட்டகம் அந்தத் தாளை நேராகப் பொடிசிடம் கொண்டுபோய் வைத்தான். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, "நீ முதல்ல போடு," என்றான். அவள் போட்டாள். அவளுக்குக் கீழே இருபத்தாறு பேரும் போட்டார்கள்.

படம் அந்த அரங்கத்தில் ஓடவில்லை. எங்கள் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. சித்தப்பா மாதிரி ஆட்கள் அந்த இரண்டையும் மட்டும்தான் சொல்வார்கள். அந்தத் தாள் வகுப்பை விட்டு வெளியே போவதற்கு முன் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

அக்கா அந்தத் தாளை வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பிறகு மேசையில் வைத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? பிள்ளைங்க எழுதினது பிள்ளைங்களோட போகட்டும். அடுத்த வாரம் நம்ம ஒப்பந்தம் அவர் மேசைக்கு வருது."

"தெரியும். கையை எடு."

எழுதி முடித்தாள். பேனாவை என் முன்னால் வைத்தாள். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்தேழு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம்தான், மறைப்பானேன்? இருபத்தொன்பதாவது இடத்தில் என் முழுப் பெயரையும், கண்ணாடியைக் கழற்றினாலும் அவர் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதினேன்.