கேட்டுதுங்களா?

சோரியாங்குப்பத்தில் நான் மளிகைக் கடை வைத்திருந்தபோது ஊருக்குத் தண்டோரா போட்டவர் அவர். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். சேதியைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வாசலிலும் "கேட்டுதுங்களா?" என்பார். "கேட்டுது" என்று பதில் வரும்வரை நகரமாட்டார்.

பிரெஞ்சுக்காரர் நடத்திய தேர்தலில் எங்கள் பண்ணையார் ஜெயித்த மறுநாள், கடையில் புகையிலை வாங்கிக்கொண்டே, "செத்தவங்கல்லாம் ஓட்டுப் போட்டிருக்காங்களே, இனிமே சுடுகாட்டுலயும் தண்டோரா போடணுங்களா?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

பேச்சு பண்ணையார் காதுக்குப் போயிற்று. பஞ்சாயத்து கூடி அவரை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தது. அதையும் அவரே தண்டோரா போட வேண்டும் என்றார்கள்.

"பண்ணையாரைப் பழிச்சுப் பேசின என்னை ஊர் தள்ளி வச்சிருக்குது. என்னோட யாரும் பேசக் கூடாது. பேசினா அவங்களுக்கும் இதே கதிதான்!"

குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. சிரித்தவன் பெயரையும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. கடை வாசலில் நின்று, "கேட்டுதுங்களா?" என்றார்.

பழக்கத்தில் கேட்டாரா, வேண்டுமென்றே என்னைக் கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. நான் தலையைக் குனிந்து புளி நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசுத் தட்டு நிற்காமல் ஆடியது. அவர் நகரவில்லை.